சகதியில் மூணு யூனிட் ஜல்லியைத் தொலைத்த பிறகு: பிளேடு வைத்த மினி டிராக்டர், ஏழு மணி நேரம்

ஐப்பசி கடைசி வாரம். பேஸ்மட்டம் முடிந்து செங்கல் கட்டு தொடங்கியிருந்தது. காலை பத்து மணி இருக்கும். எங்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்த சித்தாள் அக்கா ஒருவர் தலையில் எம் சாண்ட் சட்டியோடு நடந்து வந்தார். வலது கால் சகதிக்குள் முழங்கால் வரை போய்விட்டது. இடது காலை எடுக்க முடியவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். சட்டி தள்ளி விழுந்ததால் தலை தப்பியது. முழங்கால்தான் பிசகிக்கொண்டது. ஆட்டோ பிடித்துத் திருமங்கலம் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, பத்து நாள் சம்பளத்தையும் கையில் கொடுத்து வீட்டில் விட்டு வந்தேன். இறங்கும்போது அவர் சொன்னது இதுதான்: "அந்தப் பாதைய மட்டும் சரி பண்ணிருங்கக்கா. இன்னும் நாலு பேரு அதுலதான் சொமக்குறாளுக."

அந்தப் பாதையைச் சரிசெய்து கொடுத்த மினி டிராக்டர் வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கரிசலில் வீடு கட்டுகிறவர்கள் மழைக்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் நான் தொலைத்த பணத்தை அவர்கள் தொலைக்க வேண்டியதில்லை.

எங்கள் இடம் சிவரக்கோட்டைப் பக்கம். அம்மாவின் நிலம். ஒரு ஏக்கரில் ரோட்டோரமாகப் பத்து சென்ட் எனக்கு எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அதே மண்ணில் குதிரைவாலியும் சோளமும் மானாவாரியாக விதைத்து எங்களை வளர்த்தவர். நான் திருமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன்.

கரிசலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: கோடையில் இந்த மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து ஊதும். வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு பெய்கிற தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். செருப்போடு நாலு எட்டு வைத்தால் ஒவ்வொரு செருப்பும் ஒரு கிலோ கனக்கும். இதில் அஸ்திவாரம் போடும்போதே பொறியாளர்கள் பயப்படுவார்கள். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு கிராவல் நிரப்பச் சொல்வார்கள், அல்லது அடியில் குமிழ் வைத்த பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண், போடச் சொல்வார்கள். எங்கள் அஸ்திவாரத்துக்கு அதையெல்லாம் முறையாகச் செய்தோம். ரோட்டிலிருந்து பேஸ்மட்டம் வரை எழுபது அடிப் பாதை இருக்கிறதே, அதை யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. கோடையில் லாரி அதன்மேல் கல் ரோட்டில் போவதுபோலப் போய்வந்தது.

முதல் மழைக்குப் பிறகு செய்த தவறை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு லோடு, மூணு யூனிட் ஒன்றரை இஞ்சு ஜல்லி வரவழைத்தேன் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). பரப்புவதற்கு மண் அள்ளுகிற பெரிய வண்டியை மணிக் கணக்கில் பேசினேன். மழை விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வண்டிக்காரர் நிலத்தில் இறங்கிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை. ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி. நேராகச் சகதிக்குள் இறங்கி, பக்கெட்டில் அள்ளி அள்ளிப் போட்டு, அதன்மேலேயே ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் டயருக்கு இரண்டு பக்கமும் கரும்பசை பிதுங்கிக்கொண்டு மேலே வந்தது. இரண்டு மணி நேரத்தில் ஜல்லி கண்ணுக்குத் தெரியவில்லை. மறுநாள் கடப்பாறையால் குத்திப் பார்த்தேன். ஒரு முழத்துக்குக் கீழே 'டக்'கென்று கல் சத்தம் கேட்டது. 13,500 ரூபாய் அங்கே கிடக்கிறது. அந்த வண்டி கெட்ட வண்டி இல்லை, அஸ்திவாரத்தைத் தோண்டிக் கொடுத்ததும் அந்த ரகம்தான். ஈரக் கரிசலில் அதை இறக்கியதுதான் தப்பு.

அம்மா அன்று வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் சொன்னார்: "மாவப் பெசஞ்சாக்க எளகும், சும்மா விட்டா எறுகும். மழ பேஞ்ச கரிசல மூணு நாளைக்கு மிதிக்கப்படாதுன்னு ஒங்க தாத்தா மாட்டக்கூட எறக்க மாட்டாரு." இதை முன்கூட்டியே கேட்டிருக்கலாம்.

சித்தாள் அக்கா விழுந்த அன்று ராத்திரி, மேஸ்திரியிடம் பாதை சரியாகும் வரை சுமை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் டிராக்டர் கிடைக்குமே என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். அம்மா உடனே மறுத்துவிட்டார். அது உழவுக்கு விவசாயிகளுக்குக் கொடுப்பது, வீட்டு வேலைக்கு அதைக் கேட்கக் கூடாது என்றார். சரிதான். அப்புறம் கள்ளிக்குடிப் பக்கத்தில் ஒரு தம்பி மினி டிராக்டரில் பின்னால் பிளேடு மாட்டி நிலம் சமன்படுத்துகிறார் என்று உரக்கடைக்காரர் சொல்லி எண் கொடுத்தார்.

போனில் நான் எடுத்ததும் கேட்டேன், "மணிக்கு எவ்வளவு தம்பி?" அவர் பதிலுக்குக் கேட்டது, "மழ விட்டு எத்தன நாளாச்சுக்கா?" நேற்றுத்தான் விட்டது என்றேன். "அப்ப நாளைக்கு வண்டி வராது. நான் மட்டும் வந்து பாக்குறேன். பாக்குறதுக்குக் காசு இல்ல." அந்த நிமிஷமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் பைக்கில் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஆள்காட்டி விரல் கனத்தில், ஒரு ஆள் உயரத்துக்குக் கம்பி. பாதையில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அந்தக் கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்தார். ஒரு சாணுக்குள் நின்றால் அங்கே ஒரு கல்லை வைத்தார். முழத்துக்கு மேல் இறங்கினால் ஒரு குச்சியை ஊன்றினார். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ரோட்டோரம் எல்லாம் கல். நடுவில் முப்பது அடி நீளத்துக்கு வரிசையாகக் குச்சி. எங்கள் ஜல்லி புதைந்து கிடக்கிற இடம் அதுதான். பிசைந்து வைத்த இடம்தான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது.

"இங்க தண்ணிக்குப் போக்கு இல்லக்கா. மொதல்ல தண்ணிய வெளிய விடணும். தண்ணி போகாம எத்தன லோடு கொட்டுனாலும் பூமி முழுங்கிக்கிட்டேதான் இருக்கும்."

அம்மா கேட்டார், "எந்தப் பக்கம்யா வெட்டப் போற?"

"நீங்க சொல்லுங்க அப்பத்தா. ஒங்க காடு. தண்ணி எங்கிட்டு ஓடும்னு ஒங்களுக்குத்தான தெரியும்."

அம்மா கிழக்கே கையைக் காட்டினார். சோளம் விதைத்த காலத்தில் அங்கிட்டுத்தான் ஒரு வாய்க்கால் போகும் என்றும், வீட்டுக்கு மனை பிரித்தபோது நாங்கள்தான் அதை மூடிவிட்டோம் என்றும் சொன்னார்.

வண்டியைப் பற்றி: 24 குதிரைத்திறன், நாலு சக்கரமும் இழுக்கிற மினி டிராக்டர். மஹிந்திரா ஜீவோ, குபோட்டா நியோஸ்டார் என்று தோப்புகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் ஓடுகிறதே, அந்த ரகம். பிளேடையும் சேர்த்து எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். ஆள் பக்கத்தில் நின்றால் ஸ்டியரிங் நெஞ்சளவில் தெரியும். முதலில் பார்த்தபோது, இது என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் எனக்கும் மேஸ்திரிக்கும் தோன்றியது. பிளேடு நாலரை அடி நீளம், பின்னால் மூன்று இணைப்பில் தொங்கும். ஹைட்ராலிக் லீவரை விரல் நுனியால் தட்டினால் ஒரு அங்குலம் ஏறும், ஒரு அங்குலம் இறங்கும். நடுவில் உள்ள பின்னைக் கழற்றினால் பிளேடு சாய்வாகவும் நிற்கும், முழுக்கத் திரும்பிப் பின்பக்கம் பார்த்தும் நிற்கும். இந்தக் கடைசி வசதிதான் எங்கள் வேலையைக் காப்பாற்றியது.

முதல் நாள் இரண்டு மணி நேரம். மழை விட்டு நாலாவது நாள். பிளேடைச் சாய்த்து, ஒரு முனையை மட்டும் மண்ணில் இறக்கி, பாதைக்கு இரண்டு பக்கமும் ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் இழுத்தார். ஒரே தடவையில் இல்லை. ஒவ்வொரு நடைக்கும் மூணு அங்குலம். மூடிய பழைய வாய்க்காலை அம்மா காட்டிய இடத்தில் மம்பட்டியால் திறந்துவிட்டோம். திறந்த உடனே நின்றிருந்த தண்ணீர் சலசலவென்று இறங்கியது. பிறகு பாதைமேல் இருந்த தொளியை, அதாவது குழைந்த சேற்றை, நாலு அங்குலம் வழித்து ஓரத்தில் ஒதுக்கினார். தொளியின்மேல் ஜல்லி போடக் கூடாது, வழித்துவிட்டுக் கெட்டி மண்ணின்மேல்தான் போட வேண்டும் என்பது அவர் கணக்கு. வழித்த கரிசலை அம்மா கொல்லைப்பக்கம் தென்னங்குழிக்கு ஒதுக்கச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அதோடு வண்டியை நிறுத்திவிட்டார். இன்னும் வெளிச்சம் இருக்கிறதே, தொடரலாமே என்றேன். "இன்னைக்கு ராத்திரி வடியட்டும்க்கா. ஒரு நாள் பொறுத்தா ஒரு லோடு மிச்சம்." மணிக் கணக்கில் காசு வாங்குகிற ஆள் வேலையை நிறுத்துவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

குச்சி ஊன்றிய முப்பது அடிக்கு மட்டும் இன்னொரு யோசனை சொன்னார். சாலை போடுகிறவர்கள் மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் என்று ஒரு துணியை விரிப்பார்கள். தண்ணீர் கடக்கும், சேறு மேலே வராது. நம்மிடம் காலி சிமெண்ட் சாக்கு இருக்கிறதே என்றார். பேஸ்மட்டம் வரைக்கும் சேர்ந்த சாக்குகளைப் பழைய சாமான்காரருக்குப் போடக் கட்டி வைத்திருந்தேன். மறுநாள் காலையில் நானும் அம்மாவும் தையலைப் பிரித்து, உதறி, கிட்டத்தட்ட 90 சாக்குகளை ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்தோம். ஜல்லி வரும் பக்கத்திலிருந்து ஓடு வேய்வதுபோல அடுக்க வேண்டும். முதலில் விரிக்கிற சாக்கின் முனை அடுத்த சாக்கின்மேல் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் தள்ளும்போது ஜல்லி அதைச் சுருட்டிக்கொண்டு போகும். முதல் வரிசையை நாங்கள் மாற்றி விரித்து, அவர் வந்து பிரித்துத் திருப்பி விரித்தார்.

இரண்டாம் நாள்தான் முக்கியமான நாள். மூன்றரை மணி நேரம்.

லாரியை உள்ளே விடவே கூடாது என்றார். முதல் மூணு யூனிட்டை டிப்பர் லாரி ரோட்டில் நின்றபடியே பாதையின் வாயில் கொட்டியது. மீதி மூணு யூனிட்டை, "ஒரு யூனிட் டிராக்டர் டிப்பர்ல மூணு நடையா வரச் சொல்லுங்க" என்றார். யூனிட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூட ஆனது. ஆனால் ஒரு யூனிட் ஜல்லியே நாலு டன்னுக்கு மேல். மூணு யூனிட் லாரி என்றால் லாரி எடையும் சேர்ந்து ஈர மண்ணில் என்ன ஆகும் என்பதை நான் ஏற்கெனவே வேறு விதத்தில் பார்த்துவிட்டேன். ஐந்நூறு ரூபாய் பெரிதில்லை.

குவியலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பிளேடின் பின்னைக் கழற்றி, அதன் குழிந்த பக்கம் பின்னால் பார்க்கும்படி திருப்பிப் பூட்டினார். பிறகு வண்டியை ரிவர்ஸில் எடுத்து ஜல்லியைப் பின்னால் தள்ளினார். ஏன் இப்படி என்று அப்போது புரியவில்லை. இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகு புரிந்தது. முன்னால் போய் இழுத்தால் வண்டி சகதியில் நிற்கும், ஜல்லி பின்னால் வரும். பின்னால் தள்ளினால் ஜல்லி முதலில் சகதிக்குள் போகும், வண்டி எப்போதும் தான் போட்ட ஜல்லியின்மேலேயே நிற்கும். எழுபது அடி முடியும் வரை அந்த டிராக்டரின் ஒரு சக்கரம்கூடக் கரிசலைத் தொடவில்லை. தான் நடக்கிற பாதையைத் தானே போட்டுக்கொண்டு போனது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு, அவரே சொன்னது. பிளேடு இழுப்பதற்குச் செய்தது, தள்ளுவதற்கு அல்ல. பின்னால் தள்ளும்போது கனத்த குவியலில் மோதினால் இணைப்புக் கம்பிகள் வளைந்துவிடும். அதனால் குவியலின் மேல் பக்கத்தைச் சீவிச் சீவித்தான் எடுத்தார். பிளேடுக்கு முன்னால் அரை அடி உயரத்துக்கு மேல் ஜல்லி சேர்ந்தால் உடனே லீவரைத் தட்டி ஒரு அங்குலம் தூக்கிவிடுவார். அவர் இடது கை ஸ்டியரிங்கில், வலது கை லீவரில், கழுத்து மட்டும் முழுக்கப் பின்னால் திரும்பியே இருந்தது. மூன்றரை மணி நேரமும் அப்படித்தான். மறுநாள் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் வந்தார்.

பக்கத்தில் நின்று கவனித்ததில் சத்தம் மாறுவது நன்றாகக் கேட்டது. புதிதாகத் தள்ளிய ஜல்லியின்மேல் டயர் முதல் தடவை ஏறும்போது 'நொறுநொறு'வென்று கல் உருளும். ஒரு டயர் அகலம் தள்ளித் தள்ளி நாலைந்து தடவை போய்வந்த பிறகு உருளுகிற சத்தம் நின்று, கல்லோடு கல் கடித்துக்கொள்கிற 'கறுக்' மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அடுத்த பத்தடிக்குப் போவார். சாக்கு விரித்த இடத்தில் மட்டும் லேசாகத் தொட்டில்போல ஆடியது. அங்கே இன்னும் இரண்டு அங்குலம் கூடப் போட்டார், ஆட்டம் அடங்கியது. ஒரு இடத்தில் மட்டும் சாக்குகளின் இடைவெளியில் கருப்பாகக் கசிந்து மேலே வந்தது. இறங்கி, கையாலேயே ஜல்லியை விலக்கி, அடியில் இன்னொரு சாக்கைச் செருகி மூடினார்.

பாதை எழுபது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். அதன் முடிவில் வண்டி திரும்புவதற்கு இருபத்தைந்துக்கு முப்பது அடியில் ஒரு களம். நாலு அங்குலக் கனத்துக்கு எல்லாம் சேர்த்து ஐந்தேகால் யூனிட்டும் கொஞ்சமும் வந்தது. அழுந்துவதற்கும் நடுவில் கூடப் போட்டதற்கும் மீதி சரியாக இருந்தது. ஆறு யூனிட்டில் கடைசியில் இரண்டு சட்டி ஜல்லிதான் மிஞ்சியது. கடையில் கிராம் கணக்குப் பார்த்துப் பழகியவளுக்கு அது ரொம்பத் திருப்தி.

மூன்றாம் நாள் ஒன்றரை மணி நேரம், கிரஷர் டஸ்ட், அதாவது கல் உடைக்கும்போது விழுகிற தூள். ஜல்லி மட்டும் போட்டு விட்டால் கால் பிரளும், சித்தாள்கள் வெறுங்காலோடு நடக்க முடியாது. மூணு யூனிட் டஸ்ட்டை மேலே இரண்டு அங்குலம் பரப்பினார். இதற்குப் பிளேடைப் பழையபடி முன்பக்கம் பார்க்கத் திருப்பி, மெதுவாக இழுத்தார். டஸ்ட் கல் இடுக்குகளில் இறங்கியது. கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி டயரால் மிதித்தார். பாதையின் நடுப்பகுதி ஓரங்களைவிட மூணு அங்குலம் உயரமாக, மாட்டு முதுகுபோல இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். கொத்தனாரின் நூலைக் கேட்டு வாங்கிக் கட்டிப் பார்த்து, இரண்டு இடத்தில் திரும்பச் சீவினார். மழைத் தண்ணீர் நடுவில் நிற்காமல் இரண்டு பக்க வாய்க்காலுக்கும் வழிய அதுதான் வழி.

பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிற என் தம்பி மகன் அன்று வந்திருந்தான். "அத்த, இத மெக்காடம்னு பாடத்துல படிச்சிருக்கோம்" என்றான். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்காடம் இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னதாம்: பாரத்தைத் தாங்குவது அடியில் உள்ள மண்தான், அந்த மண்ணைக் காய வைத்திருப்பதுதான் மேலே போடுகிற கல்லின் வேலை. டிராக்டர்காரத் தம்பி இதைக் கேட்டுக்கொண்டே பிளேடைக் கழுவிக்கொண்டிருந்தார். "நம்ம அப்பத்தா சொன்னதுந்தான் அது" என்றார்.

கார்த்திகையில் இரண்டு நல்ல மழை பெய்தது. முதல் மழை முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, பாதைமேல் ஒரு சொட்டு நிற்கவில்லை. அன்றைக்கே செங்கல் டிராக்டர் பேஸ்மட்டம் வரை போய் இறக்கிவிட்டுத் திரும்பியது. அதற்குப் பிறகு கம்பி, எம் சாண்ட், சிமெண்ட் எல்லாம் டிராக்டரிலும் சின்ன யானை என்கிற டாடா ஏஸ் வண்டியிலும் வந்து இறங்கின. முழங்கால் பிசகிய அக்கா மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தார். பாதையின் வாயில் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றப் போனவர், பார்த்துவிட்டுக் கழற்றாமலே நடந்து போனார்.

இனிக் குறைகள். நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

முதல் குறை, நேரம். மூன்று நாளில் இரண்டு நாள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. ஒரு நாள் ஏழரைக்கு என்று சொல்லி பத்தேகாலுக்கு வந்தார். டிராக்டர் டிப்பர்காரர்கள் ஜல்லியோடு ரோட்டில் காத்துக் கிடந்தார்கள், அவர்களிடம் பேச்சு வாங்கியது நான். விதைப்புக் காலத்தில் விவசாய வேலைதான் அவருக்கு முதல். அது எனக்கும் புரிகிறது. ஆனாலும் போனில் ஒரு வார்த்தை சொல்லலாம்.

இரண்டாவது, இந்த வண்டியில் முன்னால் பக்கெட் இல்லை. தள்ளும், இழுக்கும், அள்ளித் தூக்காது. அதனால் ஜல்லி எங்கே கொட்டப்படுகிறது என்பது ரொம்ப முக்கியம். தப்பான இடத்தில் கொட்டிவிட்டால் இந்த வண்டியால் இடம் மாற்ற முடியாது. ஓரங்களிலும் பேஸ்மட்டத்தை ஒட்டிய மூலையிலும் பிளேடு எட்டாது. அங்கே இரண்டு ஆள் மம்பட்டியோடு நின்று இழுத்துவிட வேண்டும். அந்த ஆள் கூலி நம்முடையது. இதையும் முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் ஆளுக்கு ஏற்பாடு செய்திருப்பேன். அன்றைக்குக் கொத்தனார் இருவர் வேலையை விட்டுவிட்டு இறங்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, டயரால் மிதிப்பது ரோலருக்குச் சமம் ஆகாது. டிராக்டர் டிப்பர் பாரத்துக்கு எங்கள் பாதை தாங்குகிறது. ரெடிமிக்ஸ் வண்டி கலவையோடு 25 டன் வரும். அதை இதன்மேல் விடக் கூடாது. தம்பியே இதைக் கடைசி நாள் மூன்று தடவை சொன்னார். கூரைக்குக் கான்கிரீட் போடும்போது நாங்கள் வண்டியை ரோட்டிலேயே நிறுத்தி, பம்ப் வைத்துக் குழாய் இழுத்துத்தான் போட்டோம். உங்கள் வேலைக்குக் கனத்த லாரி உள்ளே வந்தே ஆக வேண்டும் என்றால் இந்த முறை போதாது. ஆழமாகத் தோண்டி, பெரிய கல் போட்டு, ரோலர் உருட்ட வேண்டும். அது வேறு செலவு.

அவரிடம் பில் கிடையாது. வங்கிக் கடனுக்குச் செலவுக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நான் நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

செலவு: டிராக்டர் மணிக்கு 900, ஏழு மணி நேரம், 6,300 ரூபாய். ஜல்லி லாரியில் வந்தது மூணு யூனிட் 13,500. டிராக்டர் டிப்பரில் வந்தது மூணு யூனிட் 15,000. டஸ்ட் மூணு யூனிட் 11,400. மொத்தம் 46,200 ரூபாய். டிராக்டர் கூலி இதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கல்லுக்குத்தான் காசு. அந்தக் கல்லைச் சகதி விழுங்காமல் மேலே நிறுத்துகிற ஆளுக்கு மணிக்கு நூறு இருநூறு கூடக் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த வேலைக்கு அவர் வண்டி எடுப்பதில்லை, அதனால் சின்ன வேலைகளைச் சேர்த்து வைத்துக் கூப்பிடுங்கள்.

ஆட்களை வைத்தே இதைச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். சின்ன இடமாக இருந்தால் முடியும். ஆறு யூனிட் ஜல்லியையும் மூணு யூனிட் டஸ்ட்டையும் சட்டி சட்டியாகத் தலையில் சுமக்க வைப்பதற்கு, அதுவும் அதே சகதியில், எனக்கு மனசு வரவில்லை.

அவர் எண்ணைப் பொதுவில் போடச் சம்மதிக்கவில்லை. ஒரே வண்டி, ஒரே ஆள், எல்லாருக்கும் பதில் சொல்ல முடியாது என்கிறார். திருமங்கலம், கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டிப் பக்கம் உரக்கடைகளில் "பிளேடு வச்ச மினி டிராக்டர்" என்று விசாரித்தால் இப்படி வேலை செய்கிறவர்கள் கிடைப்பார்கள். கிடைத்தவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முன்கூட்டியே வந்து நிலத்தைப் பார்ப்பீர்களா, பிளேடைத் திருப்பிப் பின்னால் தள்ளத் தெரியுமா. இரண்டுக்கும் ஆமாம் என்றால் பேசுங்கள். மழை விட்ட மறுநாளே வருகிறேன் என்று சொல்கிறவரை விட்டுவிடுங்கள்.

எங்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சாக்கு விரித்த இடத்தில் சக்கரத் தடம் ஒரு அங்குலம் அழுந்தியிருக்கிறது. மார்கழி முடிந்து மண் காய்ந்ததும் ஒரு யூனிட் டஸ்ட் போட்டுச் சீவித் தருகிறேன் என்றிருக்கிறார். வருகிற நாளில் களத்தையும் கிழக்கே பத்தடி நீட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு அங்கே குதிரைவாலி காய வைக்க இடம் வேண்டுமாம்.